வெள்ளைக் கோட்டில் ஒற்றைச் சப்பாத்து

மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு சப்பாத்து.

கறுப்பு. இடது கால். சிரம்பானில் ஒரு பள்ளிக்கூடத் திடலின் கோடியில், ஓட்டப் பந்தயத்துக்காகப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல், வீட்டு வாசலில் கழற்றி வைத்ததுபோல ஒழுங்காக இருந்தது. மூக்கு, கோட்டுக்கு அப்பால் இருந்த பெரிய மரத்தைப் பார்த்தபடி. பக்கத்தில் யாரும் இல்லை.

திடலின் இந்தப் பக்கத்தில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் கல்லூரி. ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். மீதிப் பேர் கோலாலம்பூர்க் கல்லூரி. நடுவரைச் சுற்றி நின்றுகொண்டு, இதெல்லாம் நியாயமா என்று மூன்று மொழிகளில் கேட்டார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான பேஸ்பால் இறுதியாட்டம் முடிந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முடிந்ததா இல்லையா என்பதுதான் சண்டையே.

சப்பாத்தின் சொந்தக்காரன் முகிலன் இரண்டு கூட்டத்திலும் இல்லை. எங்கள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தான். இடது காலில் வெறும் காலுறை. வலது காலில் சப்பாத்து; அதன் கயிறு கணுக்காலை இரண்டு சுற்றுச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

“ஏன் லா கத்துறானுங்க?” என்றான்.

எண்ணத் தெரிந்தவள்

பேஸ்பால் என்று இரண்டு வாரத்துக்கு முன் இந்தத் தொடரில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். மம்பாவிலிருந்து ஒரு வாசகர் குரல் பதிவு அனுப்பினார். “தங்கச்சி, நம்ம பையனுங்க பந்து ஒதைப்பானுங்க, சிலம்பம் சுத்துவானுங்க. பேஸ்பால் எப்ப ஆடுனானுங்க? கதை விடாதீங்க லா.”

ஆடினார்கள். ஒவ்வொரு பந்தையும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் ஆடவில்லை. அப்போது சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் புள்ளியியல் எடுத்தவர் சார்லஸ் சார். ஒரு மதியம் நான் குனிந்து மும்முரமாக எழுதுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து தாளை வாங்கினார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எத்தனை முறை ‘ஓகேவா’ என்று கேட்டார் என்பதை ஐந்தைந்து கோடுகளாகப் போட்டு வைத்திருந்தேன். அறுபத்து மூன்று. தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில், எத்தனை முறை கால்சட்டையை மேலே இழுத்துவிட்டார் என்ற கணக்கு.

அவர் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

“இதுல ரெண்டு கூட இருக்கு. கடைசி ரெண்டு தடவ நான் பெல்ட்டதான் சரி பண்ணேன். சனிக்கிழம பாடாங்குக்கு வா. நம்ம டீமுக்கு எழுதுற ஆள் இல்ல. ஓகேவா?”

அறுபத்து நான்கு.

இப்படித்தான் நான் கல்லூரி பேஸ்பால் குழுவின் குறிப்பாளர் ஆனேன். பச்சை அட்டை போட்ட நீளமான புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். வீசிய பந்து, அடித்த பந்து, ஓடியவன், விழுந்தவன் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு குறி உண்டு. பக்கத்தின் ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கும். அதை எதற்கு விட்டிருக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியதை அதில் எழுதினேன். பிற்பாடு பத்திரிகை வேலைக்கு வந்தபோது, என் முதல் ஆசிரியர் நடுவில் எழுதியதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியதை மட்டும் வெளியிட்டார். அது வேறு கதை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மட்டையால் பந்தை அடித்தவன் வரிசையாக நான்கு தளங்களைத் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ஓட்டம். தளத்தில் கால் வைக்காமல் நிற்கும்போது எதிராளி பந்தோடு வந்து தொட்டால் அவுட். இந்த வாரத்துக்கு இவ்வளவு போதும்.

அங்கே குடியிருப்பவர்

எங்கள் கல்லூரிக்குத் திடல் கிடையாது. கல்லூரியே ஒரு கைப்பேசிக் கடைக்கு மேலே மூன்று மாடி. அதனால் சார்லஸ் சார் குழுவை சுவாவுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு செம்பனை எஸ்டேட்டுக்கு, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார். முகிலன் வீடு அங்கே. லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசி வீடு. கதவைத் திறந்தால் பாடாங், எஸ்டேட்டின் திடல். பாடாங்கின் இடது கோடியில் ஒரு பெரிய மரம், மரத்தடியில் முனீஸ்வரர்.

முகிலனை எல்லாரும் லோரி, அதாவது லாரி, என்று கூப்பிடுவார்கள். கிளம்ப நேரம் எடுக்கும், கிளம்பிவிட்டால் நிற்க நேரம் எடுக்கும். அவனுக்கு வாய்த்த இடம் லெஃப்ட் ஃபீல்ட், அதாவது திடலின் இடது கோடிக் காவல். வீட்டு வாசலில் நிற்கிற மாதிரிதான்.

அவன் அம்மா லெட்சுமி அக்கா, வெளிக்காட்டு மண்டோர். வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள் என்று முப்பது பேரை நான்கு மொழியில் வேலை வாங்குகிறவர். சாமிக்கு விளக்கு வைப்பதும் அவர்தான். முதல் நாள் பயிற்சியிலேயே முகிலன் அடித்த பந்து நேராகப் போய், சாமிக்குப் படைத்திருந்த கறுப்புப் பீர் போத்தலை உடைத்தது. லெட்சுமி அக்கா வந்தார்.

“யாருடா அடிச்சது?”

பதினான்கு பேரும் முகிலனைக் காட்டினார்கள். முகிலனும் முகிலனையே காட்டினான்.

“சாமி இன்னும் ஒரு வாய்கூட குடிக்கலடா!”

மறுநாள் மரத்துக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது. கூடவே லெட்சுமி அக்காவின் சட்டமும் வந்தது. பந்து கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்க வேண்டும். எடுக்கப் போகிறவன் இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். அப்போதுதான் வேறெதற்கும் வரவில்லை என்று சாமிக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

சார்லஸ் சார் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். சட்டத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போய், கல்லூரித் தாளில் தட்டச்சு செய்து, ‘உள்ளூர்த் திடல் விதி எண் நான்கு’ என்று பெயர் வைத்தார். கோட்டைத் தாண்டிய பந்து உயிரற்றது. ஓடுகிறவர்கள் ஆளுக்கு இரண்டு தளம் மட்டும் முன்னேறலாம். காவலர் கைகளை உயர்த்தி, காலணி நீக்கி, அங்கே குடியிருப்பவரிடம் அனுமதி பெற்று, பந்தை மீட்க வேண்டும். அங்கே ஆட வருகிற ஒவ்வொரு குழுவும் அதில் கையெழுத்துப் போட்டது. ஜொகூரிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் படித்துவிட்டுக் கேட்டார்: “குடியிருப்பவர் சனிக்கிழமை வீட்டில் இருப்பாரா?”

“எப்பவும் இருப்பார்,” என்றார் சார்லஸ் சார்.

நாற்பது விநாடி

விதி எண் நான்கில் எழுதப்படாத ஒரு பிரிவும் உண்டு. அதற்குக் காரணம் முகிலனின் சப்பாத்து.

கால் வளரும் என்று நம்பி லெட்சுமி அக்கா ஒரு நம்பர் கூடுதலாக வாங்கிவிட்டார். முகிலனுக்கு அப்போது வயது பத்தொன்பது. கால் வளரவில்லை. அதனால் கயிற்றைக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுவான். பந்து கோட்டைத் தாண்டும். முகிலன் கையைத் தூக்குவான். பிறகு உட்கார்ந்து, நகத்தால் முடிச்சைக் கிளறத் தொடங்குவான். இடது காலுக்கு மட்டும் நாற்பது விநாடி ஆனதை நான் ஒரு நாள் நேரம் பார்த்து ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் இரண்டு குழுவும் தண்ணீர் குடிக்கப் போய்விடும். ஓடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டு இறங்கி, பயிற்சியாளரிடம் போத்தல் வாங்கிக் குடித்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருவார்கள். உயிரற்ற பந்து, யாரும் எதுவும் செய்ய முடியாது. எங்கள் குழுவில் முகிலனுக்கு முன்னால் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் அஸ்லான், மலாய்க்காரன், பாடாங்கிலேயே தமிழ் படித்தவன். “லோரி முடிச்சு அவுக்குது. எல்லாரும் தண்ணி குடி லா!” என்று ஒவ்வொரு தடவையும் அறிவிப்பான். இரண்டாவது ஆண்டில் வருகிற குழுக்களே அதை எதிர்பார்க்கத் தொடங்கின.

ஒவ்வொரு முறையும் நான் ஓரத்தில் சின்னதாகச் சப்பாத்துப் படம் வரைந்தேன்.

அந்தக் கோலாலம்பூர்க் குழு இறுதியாட்டம் நடந்த பருவத்தில் எங்கள் எஸ்டேட்டுக்கு இரண்டு முறை வந்தது. அவர்கள் கேப்டன் ரவீன், உயரமான பையன், பேச்சும் உயரம். முதல் முறை அவன் அடித்த பந்து முனீஸ்வரர் மடியில் போய் விழுந்தது. நான்கு தளமும் ஓடி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு நின்றவனைக் கூப்பிட்டு, இரண்டாம் தளத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னார் நடுவர்.

“என்னா சார் இது? அவ்ளோ தூரம் அடிச்சா ரெண்டுதானா? சாமி என்னா, உங்க டீமா?”

“தம்பி,” என்றது ஒரு குரல். லெட்சுமி அக்கா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். “சாமி எந்த டீமும் இல்ல. ஆனா எடம் அவரோடது.”

ரவீன் இரண்டாம் தளத்துக்குப் போனான். முகிலன் முடிச்சை அவிழ்த்தான். எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். இரண்டாவது முறை வந்தபோது, பந்து கோட்டைத் தாண்டியதுமே ரவீன் தானாக இரண்டாம் தளத்தில் நின்று, மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான்.

முதலில் சாம்பியன்

பருவம் தொடங்கும்போது வலது கோடியில் செம்பனைக் கன்றுகள் வந்து இறங்கின. கறுப்புப் பைகளில், வரிசை வரிசையாக. புது மானேஜர் அனுப்பியிருந்தார். சமநிலமாக இருக்கிற பாடாங் ஏன் சும்மா கிடக்கிறது என்று மேலிடத்தில் கேட்டார்களாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் போகும்போது கன்றுகள் கொஞ்சம் உள்ளே வந்திருந்தன. மூன்றாவது வாரம் எங்கள் வலது கோடிக் காவலன் கன்றுகளுக்கு நடுவே நின்று பந்து பிடித்தான்.

முகிலன் அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினான். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, “நட்டுட்டா எங்க வீட்டுக் கதவத் தொறந்தா இருட்டாதான் இருக்கும்,” என்றான். அப்புறம் என் பொட்டலத்திலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

அந்த ஆண்டுப் பூசைக்கு மானேஜர் விருந்தாளியாக வந்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர், கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லெட்சுமி அக்கா அவருக்குப் பலகாரம் கொடுத்துவிட்டு, முப்பது பேர் கேட்கிற மாதிரி மலாயில் கேட்டார்: பையன்களுக்குப் பாடாங்கை விட்டுவிடக் கூடாதா?

மானேஜர் சிரித்தார். முந்தைய ஆண்டு நாங்கள் கடைசிக்கு முந்தின இடம் என்பது அவருக்குத் தெரியும்.

“ஜோஹான் டுலு,” என்றார். முதலில் சாம்பியன் ஆகட்டும் என்று அர்த்தம். “சாம்பியன் ஆனால் கன்றுகளை மேட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறேன். ஆகாவிட்டால் இங்கேயே.”

லெட்சுமி அக்கா உடனே திரும்பி, கோட்டைத் தாண்டிப் போய், கற்பூரம் ஏற்றினார்.

“என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார் மானேஜர்.

“ஒண்ணும் இல்ல துவான். நீங்க சொன்னத அவருகிட்ட சொல்லி வைக்கிறேன்.”

மானேஜர் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார். நான் அதையும் ஓரத்தில் எழுதினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஜெயிக்கத் தொடங்கினோம். காரணம் கேட்டால் சார்லஸ் சார் பயிற்சி நேரம் என்பார், லெட்சுமி அக்கா வேறு சொல்வார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்: பதினான்கு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். அதற்கு முன் வந்ததில்லை. செம்பனை உதிரிப் பழங்களை வீசச் சொல்லி அடித்துப் பழகினார்கள். அஸ்லான் சட்டையெல்லாம் ஆரஞ்சுக் கறையோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கினான். ஆறு ஆட்டம் வென்றோம், ஒன்றில் தோற்றோம், ஒன்றை மழை சாப்பிட்டது. இறுதியாட்டத்தில் எதிரே மறுபடி ரவீன்.

ஏழாவது இன்னிங்ஸ்

இறுதியாட்டம் பொதுவான திடலில், சிரம்பானில். லாரியில் வந்து இறங்கியதும் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கம்தான் பார்த்தார்கள். இடது கோடியில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் பெரிய ஆங்சானா மரம். மரத்தடியில் சிவப்பாக ஏதோ ஒன்று. கிட்டப் போனால் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்.

“அலாமாக்,” என்றான் அஸ்லான். “சாமி மாறி வந்துருக்கு.”

போட்டியை நடத்துகிறவர்களின் தலைவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார்: இங்கே உள்ளூர் விதி எதுவும் கிடையாது. கோடு ஓட்டப் பந்தயக் கோடு. பந்து எங்கே போனாலும் உயிருள்ள பந்து. இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

ஏழாவது இன்னிங்ஸ்தான் கடைசி. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். அடிப்பது அவர்கள். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. முதல் தளத்தில் ரவீன் நின்றான். அவன் சுற்றி வந்துவிட்டால் சமம். அடிக்கிறவனும் சேர்ந்து வந்துவிட்டால் பாடாங்கில் செம்பனை.

முகிலன் வழக்கத்தைவிடப் பத்தடி பின்னால், கோட்டுக்குப் பக்கத்தில் நின்றான். சார்லஸ் சார் முன்னால் வரச்சொல்லிக் கை காட்டினார். அவன் சாருக்குத் திரும்பக் கை காட்டினான், டாட்டா காட்டுகிற மாதிரி.

பந்து வந்தது. மட்டையில் பட்ட சத்தம் நல்ல சத்தம். பந்து முகிலன் தலைக்கு மேலே போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் குத்தி, மரத்தின் வேரில் போய் நின்றது.

முகிலன் கோட்டருகே நின்றான். இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

ரவீன் இரண்டாம் தளத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தவன், தூக்கிய கையைப் பார்த்தான். ஓட்டம் நடையானது. மூன்றாம் தளத்துக்கு வந்து கால் வைத்தான், முகத்தைத் துடைத்தான், தளத்தை விட்டு இறங்கி, அங்கே நின்ற தன் பயிற்சியாளரிடம் தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டினான். பயிற்சியாளரும் கொடுத்தார். அடித்தவன் இரண்டாம் தளத்தில் உட்கார்ந்தே விட்டான்.

அஸ்லான் மட்டும் நடுவரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஆட்டத்தை நிறுத்துவதென்றால் நடுவர்தான் கை தூக்க வேண்டும்; அவருடைய இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன.

திரும்பியபோது முகிலனின் இடது சப்பாத்து கோட்டின் மேல் இருந்தது. அவன் ஏற்கெனவே மரத்தடியில் இருந்தான். அஸ்லான் சத்தமே போடாமல் அவனை நோக்கி ஓடிக் கையை நீட்டினான். முகிலன் பந்தை எடுத்து, தண்ணீர்க் குழாயைப் பார்த்து ஒரு சின்னத் தலையசைப்புச் செய்துவிட்டு வீசினான். அஸ்லான் வாங்கி மூன்றாம் தளத்துக்கு வீசினான். எங்கள் காவலன் பந்தோடு போய், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ரவீனின் தோளில் தட்டினான், வழி கேட்கிறவன் தட்டுவதுபோல.

ரவீன் வாயில் தண்ணீரோடு திரும்பினான்.

“அவுட்,” என்றார் நடுவர்.

கேன்டீன் விசாரணை

விதிப்புத்தகத்தில் காவலர் கையைத் தூக்குவதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் வேண்டுமென்றே எதிராளியை ஏமாற்றியிருந்தால் ஒழுங்கீனம் என்று வெற்றியைப் பறிக்கலாம். ஆக ஒரே கேள்வி: முகிலன் தெரிந்து செய்தானா, பழக்கத்தில் செய்தானா?

கேன்டீனில் மேசை போட்டு விசாரித்தார்கள். முகிலன் கடைசி மடக்கு மைலோவோடு வந்து நின்றான்.

“கை தானா போயிடுச்சு டீச்சர்,” என்றான் மலாயில். “கோடு இருந்திச்சு. மரம் இருந்திச்சு.”

“பொய் டீச்சர்! நடிக்கிறான்!” ரவீன் கத்தினான். “மூஞ்சியப் பாருங்க!”

எல்லாரும் பார்த்தார்கள். முகிலனுக்கு மைலோவில் மீசை முளைத்திருந்தது.

தலைவர் ரவீன் பக்கம் திரும்பினார். “நீ ஏன் நின்றாய்?”

“அவன் கையத் தூக்குனான்.”

“நடுவர் தூக்கினாரா?”

“...இல்ல.”

“உள்ளூர் விதி இல்லை என்று ஆட்டத்துக்கு முன்பே சொன்னேனே?”

“பழக்கம் டீச்சர். அங்க எப்பவும்...” ரவீன் நிறுத்திக்கொண்டான்.

“உனக்கு இருக்கிற பழக்கம் அவனுக்கு இருக்கக்கூடாதா?”

பிறகு தலைவர் எழுந்து, தனியாகத் திடலின் கோடிக்கு நடந்து போனார். வெள்ளைக் கோட்டில் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். தொடவில்லை. திரும்பி வந்தார்.

“ஏமாற்றுகிறவன் ஓடத் தயாராக இருப்பான். சப்பாத்தைக் கழற்ற மாட்டான்,” என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். “குறிப்பாளர் நீதானே? இந்தப் பருவத்தில் இதற்கு முன் எத்தனை முறை?”

நான் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டி, ஓரத்துச் சப்பாத்துப் படங்களை எண்ணினேன். “பத்தொன்பது.”

“ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினானா?”

“தூக்கினான்.”

“கழற்றினானா?”

“கழற்றினான்.”

“இன்று?”

“தூக்கினான். கழற்றினான்.”

“நன்றி. உட்கார்.”

உட்கார்ந்தேன். சார்லஸ் சார் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். ஆறு மணி இருபது நிமிடத்துக்கு எங்களைச் சாம்பியன் என்று அறிவித்தார்கள். ரவீன் வந்து முகிலனிடம் கை கொடுத்தான். “தண்ணி குடிச்சதுக்கு அவுட் ஆனவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான் லா,” என்றான். பிறகு சிரித்தான். அன்றிலிருந்து எனக்கு அவனைப் பிடிக்கும்.

மேட்டில் நட்டது

திங்கட்கிழமை காலை எஸ்டேட்டின் டிராக்டர் வந்து கன்றுகளை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனது. மானேஜர் சொன்ன சொல் மாறவில்லை. மாலையில் அவரே பாடாங்குக்கு வந்து, ஒரு பந்து அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பள்ளியில் ஆடியிருக்கிறாராம். அடித்தார். பந்து நேராக மரத்தடிக்குப் போனது. அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, தானே இரண்டு கையையும் தூக்கினார்.

கோப்பையைச் சாமி முன்னால் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். லெட்சுமி அக்கா புதுக் கறுப்புப் பீர் போத்தல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, என்னைக் கோட்டருகே கூப்பிட்டார். எஸ்டேட்டில் எழுதுகிறவர்கள் எல்லாருமே கிராணி. அதனால் நான் கிராணியம்மா.

“கிராணியம்மா. இவன் நெசமாவே மறந்துட்டானா?”

“அவங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன்க்கா.”

“சரி. சாமிகிட்ட நானே பேசிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு விளக்கைத் தூண்டினார்.

பாடாங் இன்னும் இருக்கிறது. முகிலன் இப்போது அங்கே சனிக்கிழமைகளில் பெண்கள் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறான். அளவான சப்பாத்துப் போடுகிறான்.

பச்சை அட்டைப் புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கடைசி ஆட்டத்தின் பக்கத்தில், ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன், ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘5.21. லோரி பெஞ்சில் உட்கார்ந்து இடது சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்தான். வலது அப்படியே.’